மணற்குன்றில் குவாட் பைக்: காவிரிப் படுகையிலிருந்து முதன்முறை போகிறவர்களுக்கு

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளுக்குப் பயணம் போனவர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. ஒரு தலைமுறைக்கு முன்பு சம்பாதிக்கப் போனவர்கள் மட்டுமே பார்த்த பாலைவனத்தை, இன்று பிள்ளைகளைப் பார்ப்பதற்காக விசிட் விசாவில் திருச்சியிலிருந்து விமானம் ஏறும் பெற்றோரும், கல்லூரி முடித்துவிட்டு அண்ணன் வீட்டில் ஒரு மாதம் தங்கப் போகும் தம்பி தங்கைகளும் பார்த்துத் திரும்புகிறார்கள். ஊரிலிருந்து வந்தவர்களை அங்கிருப்பவர்கள் சும்மா அனுப்புவதில்லை. ஒரு மாலை நேரத்துக்கு, பாலைவன முகாமில் சாப்பாட்டோடு முடியும் டெசர்ட் சஃபாரி பதிவு செய்துவிடுவார்கள்; அந்தப் பட்டியலில் ‘குவாட் பைக், முப்பது நிமிடம்’ என்று ஒரு வரியும் இருக்கும். அந்த ஒரு வரியை நம்பி, ஹேண்டில்பார் பிடித்து மணலில் ஓட்டும் இந்த நான்கு சக்கர வண்டியில் ஏறுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை வட்டாரத்துக்காரர் ஒருவர் இந்த வண்டியில் உட்காரும்போது அவரிடம் ஒரு பலமும் ஒரு பலவீனமும் சேர்ந்தே இருக்கும் என்பது என் கணிப்பு. சேற்றுழவில் டிராக்டர் எப்படிப் புதையும், எப்படி வெளியே வரும் என்பதைச் சிறு வயதிலிருந்து வரப்பில் நின்று பார்த்தவருக்கு மணலின் குணம் பாதி தெரிந்ததுதான். மணலைத் தரையாக நினைக்காமல் தொளியாக நினைத்தால் போதும். பலவீனம், இருசக்கர வாகனப் பழக்கம். டிவிஎஸ் எக்ஸ்எல்லிலும் ஸ்கூட்டரிலும் பல ஆண்டுகள் ஓட்டி உடம்பில் ஊறிய அனிச்சைச் செயல்கள் நான்கு சக்கர வண்டியில் பெரும்பாலும் தவறானவை, சில ஆபத்தானவை.

எப்போது, எங்கே போவது

அமீரகத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பகல் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டி நிற்கும். அந்த மாதங்களில் மணலில் ஓட்டுவது வீரமாகாது, அறியாமைதான். அக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை ஏற்ற காலம். மேட்டூர் திறப்பையும் நாற்றங்காலையும் ஒட்டி நாள் பார்க்கும் நம் குடும்பங்களுக்கு, சம்பா அறுவடை முடிந்து நெல் விற்றுக் கையில் பணம் வரும் தை கடைசியும் மாசியும் இயல்பாகவே பொருந்திவருகின்றன. அப்போது பாலைவனத்தின் மாலை நேரம் நம் ஊர் மார்கழி விடியலைப் போல இருக்கும். பொழுது சாய்ந்ததும் மெல்லிய ஸ்வெட்டர் தேவைப்படும். ரமலான் நோன்பு மாதம் அந்தக் காலத்தில் குறுக்கிட்டால் முகாம்களின் நேரமும் உணவு ஏற்பாடும் மாறும் என்பதால், தேதி குறிக்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

துபாயில் தங்குகிறவர்களைப் பெரும்பாலும் ஹத்தா செல்லும் சாலையை ஒட்டிய லஹ்பாப், அல் பதாயர் பகுதிகளுக்கு அழைத்துச் செல்வார்கள். அல் பதாயர் ஷார்ஜா எல்லைக்குள் இருக்கிறது. அங்கிருக்கும் பெரிய குன்றைப் ‘பிக் ரெட்’ என்பார்கள். மணல் துகள்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்தச் செம்மைக்குக் காரணம். விசா இல்லாமலே பாலைவனம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஜெய்சல்மேர் இருக்கிறது. மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரின் பகத் கி கோத்தி நிலையத்துக்கு வாராந்திர விரைவு ரயில் ஓடுவது நம் வட்டாரத்துக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து சாம் மணற்குன்றுகள் மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். சாம் குன்றுகள் அமீரகத்துக் குன்றுகளைவிடத் தாழ்வானவை. ஆனால் முதன்முறை ஓட்டுகிறவருக்கு அது குறையாகாது, வசதியே.

ஒரு நாளுக்குள் எந்த நேரம் என்பதும் முக்கியமானது. விடியற்காலையில், இரவுப் பனியின் ஈரம் இன்னும் காயாத மணல் சற்று இறுகியிருக்கும். வெயில் ஏற ஏற அது இளகிவிடும். நண்பகலில் வெப்பத்தைவிடப் பெரிய தொல்லை நிழலின்மை. சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கும்போது பள்ளமும் மேடும் ஒரே நிறத்தில் தட்டையாகத் தெரியும், எதிரே இருப்பது சமதளமா ஆளுயரக் குழியா என்பதைப் பழகிய கண்ணாலும் சொல்ல முடியாது. சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு வளைவும் நிழலோடு எழுந்து நிற்கும். காலை முதல் நேரம் கிடைத்தால் அதையே எடுங்கள். மாலை நேரத்தை எடுத்தால், டிசம்பரில் அங்கே ஐந்தரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும் என்பதைக் கணக்கில் வைத்து, வெளிச்சம் இருக்கும்போதே ஓட்டம் முடியுமா என்று கேளுங்கள்.

பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை

மலிவான தொகுப்புகளில் வரும் ‘குவாட் பைக்’ பெரும்பாலும் முகாமுக்கு அருகே கயிறோ வேலியோ கட்டிய சமதளத்தில் சுற்றிச்சுற்றி வருவதாக இருக்கும். வழிகாட்டி முன்னே செல்ல, திறந்த குன்றுகளின் ஊடே வரிசையாகப் போவது வேறு வகை. இரண்டுக்கும் விளம்பரத்தில் ஒரே படத்தைத்தான் போடுவார்கள். ஆகவே, வேலிக்குள்ளா வெளியிலா, வண்டியில் உட்கார்ந்து ஓட்டும் நேரம் எவ்வளவு, ஒரு வழிகாட்டிக்குப் பின்னால் எத்தனை வண்டிகள், வண்டியின் சிசி எவ்வளவு, முன்பணம் பிடிப்பார்களா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. முதன்முறை ஓட்டுகிறவருக்கு வேலிக்குள் பதினைந்து நிமிடமும் அதன்பின் தாழ்வான குன்றுகளில் அரை மணியும் தாராளமாகப் போதும். கட்டை விரலும் முன்கையும் அதற்குள்ளேயே வலிக்கத் தொடங்கிவிடும்.

ஒரே வண்டியில் இருவர் செல்லலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. குவாட் பைக்கின் இருக்கை நீளமாக இருப்பது இரண்டாவது ஆளுக்காக அன்று. ஓட்டுகிறவர் முன்னும் பின்னும் நகர்ந்து தம் எடையை மாற்றிக்கொள்வதற்காகவே அது நீளமாக வைக்கப்பட்டிருக்கிறது. பின்னிருக்கைக்குச் சாய்மானமும் கைப்பிடியும் தனிக் கால்வைப்பும் உள்ள, இருவருக்கென்றே தயாரிக்கப்பட்ட நீண்ட மாடல்களும் உண்டு. அப்படிப்பட்டது கிடைக்காவிட்டால் ஆளுக்கொரு வண்டி எடுங்கள், அல்லது ஒருவர் முகாமில் உட்கார்ந்து தேநீர் குடிக்கட்டும். குழந்தையை மடியிலோ பெட்ரோல் டாங்கின் மேலோ உட்காரவைத்து ஓட்டுவது, நம் ஊர்த் தெருவில் எவ்வளவு சாதாரணமாகத் தெரிந்தாலும், மணலில் கூடவே கூடாது. தயாரிப்பாளர்கள் 90 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளைப் பதினாறு வயது நிறைந்தவர்களுக்கே உரியவை என்று குறிக்கிறார்கள். சிறுவர்களுக்கு 50, 90 சிசி வண்டிகள் தனியே இருக்கும். அவற்றையும் வேலிக்குள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, ஓட்டச் சொல்லுங்கள்.

முதுகு, கழுத்து, முழங்கால் வலி உள்ளவர்களும், கருவுற்றிருப்பவர்களும், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் குவாட் பைக்கைத் தவிர்க்க வேண்டும். பிள்ளைகள் ஆசையாகப் பணம் கட்டிவிட்டார்களே என்று தயங்கி ஏறிவிடும் அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு என் பரிந்துரை, இரும்புக் கூண்டும் சீட் பெல்ட்டும் உள்ள பக்கி வண்டியில் பயணியாக அமர்வதுதான். ஆனால் மேற்சொன்ன உடல்நிலை உள்ளவர்களுக்கு அதன் குலுக்கலும் ஆகாது என்பதால், மருத்துவரைக் கேட்டபின்பே அதுவும். சர்க்கரை நோயாளிகள் சாப்பாட்டு நேரம் தவறாதபடி பார்த்துக்கொண்டு, சட்டைப் பையில் இனிப்பு ஏதாவது வைத்திருக்க வேண்டும்.

பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அதன் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். ஏடிவி என்றும் சொல்லப்படும் குவாட் பைக் போன்ற சாகச வாகனங்களால் ஏற்படும் காயங்களுக்குப் பணம் தராத பாலிசிகள் உண்டு, கூடுதல் பிரீமியம் கட்டினால் சேர்த்துக்கொள்ளும் பாலிசிகளும் உண்டு.

உடை

வேட்டி, லுங்கி, சேலை, துப்பட்டா ஆகியவற்றுக்கு இந்த வண்டியில் இடமில்லை. பறக்கும் துணி பின்சக்கரத்திலோ சங்கிலியிலோ சுற்றிக்கொண்டால் ஆளையே இழுத்துவிடும். முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை, கணுக்காலை மூடும் ஷூ ஆகியவை வேண்டும். பெண்கள் சுடிதார் அணிந்தால் துப்பட்டாவை முகாமிலேயே வைத்துவிட்டு, பின்னலைச் சட்டைக்குள் விட்டுக்கொள்வது நலம். தாலிச் சரடையும் சங்கிலியையும் உள்ளே தள்ளிக்கொள்ள வேண்டும். வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டுக் கையுறை போட்டால் கைப்பிடி வழுக்காது. தலையில் பூ வைத்திருந்தால் ஹெல்மெட் அதைக் கசக்கிவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் புறப்படும் அவசரத்தில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

நம் ஊர்ப் பருத்தித் துண்டு அங்கே மிகவும் பயன்படும். முகாம் வாசலில் விற்கும் அரபுத் தலைத்துணியின் வேலையைத் துண்டும் செய்யும்: மூக்கையும் வாயையும் மூடிப் பிடரியில் முடிந்து, முனைகள் இரண்டையும் சட்டைக் காலருக்குள் செருகிவிடுங்கள். கண்ணுக்குக் காற்றுப் புகாத காகிள்ஸ் அவசியம். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அதற்கு மேலே மாட்டக்கூடிய அகலமான காகிள்ஸைக் கேட்டு வாங்க வேண்டும், கான்டாக்ட் லென்ஸைத் தவிர்க்க வேண்டும். ஹெல்மெட்டை மாட்டித் தலையை இடவலமாக ஆட்டும்போது ஹெல்மெட் தனியாக ஆடினால் அது உங்கள் அளவு அன்று. வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுத்தாலும் மாற்றிக் கேளுங்கள். பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிடுங்கள். கைப்பேசியை ஜிப் வைத்த பைக்குள் போடுங்கள், ஏனென்றால் மணலில் விழுந்த கைப்பேசி குளத்தில் விழுந்ததற்குச் சமம்.

வண்டியைத் தெரிந்துகொள்ளுதல்

முகாமில் ஒரு ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் கேட்பார்கள். வண்டிக்குச் சேதம் ஏற்பட்டால் யார் பணம் தருவது என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டு, வண்டியின் நான்கு பக்கங்களையும், முன்பே இருக்கும் கீறல்களையும் உடைசல்களையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். பிறகு, வழிகாட்டி பக்கத்தில் இருக்கும்போதே ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுப் பாருங்கள்.

குவாட் பைக்கின் எடை மாடலைப் பொறுத்து 200 முதல் 350 கிலோ வரை இருக்கும். கிளட்ச் பெரும்பாலும் இருக்காது. சுற்றுலா வண்டிகளில் முன்னே, நடுநிலை, பின்னே என்று ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். டயர்கள் தொப்பையாக, தொட்டால் அமுங்குவதாக இருப்பதைப் பார்த்துக் காற்றுக் குறைவு என்று எண்ண வேண்டாம். மோட்டார் சைக்கிள் டயரில் 25 பிஎஸ்ஐக்கு மேல் நிரப்பும் நாம், இவற்றில் பெரும்பாலும் 10-க்கும் குறைவாகவே இருப்பதைக் காண்போம். காற்றுக் குறைந்தால் டயர் பரந்து மணலின் மேல் அமர்கிறது. சேற்றில் இறங்கும் டிராக்டருக்கு அகலமான கேஜ் வீல் மாட்டுவதன் பின்னாலும் இதே கணக்குதான் இருக்கிறது.

ஆக்சிலரேட்டர் இங்கே முறுக்கும் பிடி அன்று. வலது கைப்பிடிக்குக் கீழே கட்டை விரலால் தள்ளும் ஒரு சிறு நெம்புகோல். புதியவர்களுக்கு நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. பயம் வந்தால் மனிதன் கையை இறுக்குகிறான். கையை இறுக்கினால் கட்டை விரலும் உள்ளே தள்ளும். வண்டி நிற்பதற்குப் பதில் பாயும். ஆகவே, ஓட்டத் தொடங்கும் முன் எஞ்சினை அணைத்த நிலையில், ‘நிறுத்து’ என்று மனத்தில் சொன்னவுடன் கட்டை விரலை முற்றிலும் விலக்கி மற்ற விரல்களால் பிரேக்கைப் பிடிக்கும் பயிற்சியைப் பத்து முறையாவது செய்யுங்கள். ஆக்சிலரேட்டர் முழுவதும் போகாதபடி தடுக்கும் திருகு பல வண்டிகளில் இருக்கிறது. ‘எனக்குக் குறைத்து வையுங்கள்’ என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிரேக் எந்தக் கையில் எந்தச் சக்கரத்துக்கு என்பது வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் இடக்கை நெம்புகோல் ஒன்றே எல்லாச் சக்கரங்களையும் பிடிக்கும். எஞ்சினை உடனே அணைக்கும் சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதையும், மணிக்கட்டில் கட்டும் கயிறு இருந்தால் அதை இழுத்தால் எஞ்சின் நிற்கிறதா என்பதையும் சோதித்துப் பாருங்கள். பின்னால் உயரமான குச்சியில் கட்டிய கொடி அலங்காரத்துக்கு அன்று. குன்றின் மறுபக்கத்திலிருந்து வருகிறவர் உங்கள் தலையைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கொடியைத்தான் பார்ப்பார். கொடி இல்லாத வண்டி வேண்டாம்.

காலைக் கீழே வைக்காதீர்கள்

இதற்குத் தனியே இடம் தருகிறேன். ஸ்கூட்டரில் வேகம் குறைந்து வண்டி சாய்வதுபோல் தோன்றினால் காலைத் தரையில் ஊன்றுவது நமக்கு மூச்சு விடுவதைப் போல. குவாட் பைக்கில் காலைக் கீழே வைத்தால், கால் மணலில் புதைந்து நிற்க, வண்டி முன்னே நகர, பின்சக்கரம் குதிகாலில் ஏறும். முதன்முறை ஓட்டியபோது ஒரு சாதாரணத் திருப்பத்தில் நான் செய்தது இதைத்தான். ஷூவின் பின்பகுதி டயருக்கு அடியில் சிக்கி, காலை உருவிக்கொண்டு விழுந்தேன். சுளுக்கு இரண்டு வாரம் இருந்தது. புறப்படும் முன் அந்த ஏற்பாட்டாளர் சொன்ன அறிவுரை முழுவதும் ‘இது போக, இது நிற்க’ என்ற நான்கு சொற்கள் மட்டுமே. உங்கள் வழிகாட்டியும் அப்படியே முடித்துக்கொண்டால், நீங்களாகவே கேளுங்கள். இரு பாதங்களும் கால்வைப்பில் முழுமையாக ஊன்றியிருக்க வேண்டும், வண்டி சாயும்போதும்கூட.

திருப்பத்திலும் இதே சிக்கல் வரும். மோட்டார் சைக்கிள் திரும்பும்போது வண்டியும் நாமும் சேர்ந்து சாய்கிறோம். குவாட் பைக் சாயாது. அதன் எடை திருப்பத்துக்கு வெளிப்பக்கம் தள்ளும். ஓட்டுகிறவர்தான் உடம்பை உள்பக்கமாக, திரும்பும் திசைக்குச் சாய்த்து ஈடுசெய்ய வேண்டும். பின்னச்சு ஒரே துண்டாக உள்ள வண்டிகளில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில் சுழல்வதால், ஹேண்டில்பாரைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போகவே பார்க்கும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே சாய்ந்து, பிறகு மெல்ல ஆக்சிலரேட்டர் கொடுங்கள். சமதளத்தில் இடமும் வலமுமாக எட்டுப் போட்டுப் பழகிய பிறகே குன்றுப் பக்கம் போக வேண்டும் என்று வழிகாட்டியிடம் சொல்லுங்கள்.

குன்று எப்படி அமைந்திருக்கிறது

களத்தில் தூற்றிய நெல்லைக் கொட்டி அம்பாரமாகக் குவிக்கும்போது, ஒரு சரிவுக்கு மேல் நெல் நிற்காமல் வழிந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மணலுக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு: ஏறக்குறைய 30 முதல் 34 பாகை. காற்று வீசும் பக்கத்தில் குன்று அதைவிட மிக மென்மையாகச் சரிந்து, காற்றின் அழுத்தத்தால் இறுகி, அலையலையான வரிகளோடு இருக்கும். உச்சியைத் தாண்டி விழும் மணல் மறுபக்கத்தில் அம்பாரம்போல் எல்லைச் சரிவில் தொங்கி நிற்கும். அது பொலபொலவென்று இளகியது, தொட்டால் வழிவது. ஆகவே, மென்மையான சரிவில் இயல்பாக ஏறி உச்சிக்கு வருகிறவருக்கு, அடுத்த அடியில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. மறுபக்கம் செங்குத்தான வீழ்ச்சி இருக்கலாம், அங்கே வேறொரு வண்டி மாட்டிக்கொண்டு நிற்கலாம், ஒட்டகம் படுத்திருக்கலாம். வழிகாட்டியின் தடத்தை விட்டு விலகாதே என்பது இதனால்தான். நேற்று ஏறிய குன்றே இன்று வேறு வடிவில் இருக்கும் என்பதால், வழிகாட்டிகூட உச்சியில் நின்று பார்த்துவிட்டுத்தான் கையசைப்பார்.

ஏற்றமும் இறக்கமும்

வரிசையில் போகும்போது முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடையே சமதளத்தில் இருபது முப்பது மீட்டராவது இருக்கட்டும். ஏற்றத்திலோ ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான். முன்னால் போனவர் உச்சியைக் கடந்துவிட்டார் என்று வழிகாட்டி கைகாட்டிய பிறகே நீங்கள் புறப்பட வேண்டும்.

ஏறுவதற்கான வேகத்தைச் சரிவின் அடிவாரத்திலேயே, சமதளத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். சரிவில் ஏறிய பிறகு ஆக்சிலரேட்டரைத் திடீரென்று கூட்டினால் சக்கரம் சுழன்று புதையும், திடீரென்று விட்டால் மணல் வண்டியைப் பிடித்து நிறுத்தும். சீரான ஒரே அழுத்தம் வேண்டும். உடம்பை முன்னே நகர்த்தி, இருக்கையிலிருந்து சற்றே எழுந்து, மார்பு ஹேண்டில்பாருக்கு அருகில் வரும்படி குனியுங்கள். உச்சிக்குச் சற்று முன்பே வேகத்தைத் தணியுங்கள். படங்களில் வண்டி உச்சியிலிருந்து பறப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், அது பல ஆண்டுகள் பழகியவர்களின் வேலை.

பாதிச் சரிவில் வண்டி நின்றுவிட்டால் திருப்ப முயலாதீர்கள். குறுக்காகத் திரும்பும் வண்டி பக்கவாட்டில் உருளும். பிரேக்கை இறுகப் பிடித்து, உடல் எடையை மேட்டுப் பக்கம் வைத்து, எஞ்சினை அணைத்து, மேட்டுப் பக்கமாகவே இறங்கி, வண்டியை விட்டு விலகி நின்று வழிகாட்டிக்குக் கையை உயர்த்திக் காட்டுங்கள். வண்டி உருளத் தொடங்கினால் அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்காமல் விட்டுவிடுங்கள். முந்நூறு கிலோவை எந்தக் கையும் தாங்காது, வண்டிக்குச் சேதமானால் பணத்தோடு போகும்.

இறங்கும்போது நேராக, சரிவின் போக்கிலேயே இறங்க வேண்டும். செங்குத்தாகத் தெரிகிறதே என்று பயந்து குறுக்காக இறங்குவதுதான் தவறு. உடம்பைப் பின்னே தள்ளி, கைகளை நீட்டி, மெதுவாகத் தொடங்கினால் மணலே பாதி பிரேக்காக வேலை செய்யும். முன்பிரேக்கை அழுத்திப் பிடித்தால் முன்சக்கரம் புதைந்து பின்பகுதி தூக்கும். பின்பகுதி பக்கவாட்டில் வழுக்குவதுபோல் தோன்றினால், சரிவின் கீழ்நோக்கி ஹேண்டில்பாரைத் திருப்பி, மிகச் சிறிதாக ஆக்சிலரேட்டர் கொடுங்கள், வண்டி நேராகிவிடும். இது படிக்கும்போது தலைகீழாகத் தோன்றும், ஆனால் மணலில் நின்று போகும் வண்டியைவிட ஓடும் வண்டியே நிலையாக இருக்கும்.

நிற்பதற்கும் இடம் பார்க்க வேண்டும். ஏற்றத்தை நோக்கி முகம்வைத்து நிறுத்தினால் மீண்டும் புறப்பட முடியாமல் புதைந்துவிடுவீர்கள். மணல்கிண்ணம்போல் குழிந்த பள்ளத்தின் அடியில் நிறுத்தினாலும் அதே கதி. சற்றே கீழ்நோக்கிய சரிவில், அல்லது வழிகாட்டி நிறுத்திய இறுகிய சமதளத்தில் நிறுத்துங்கள்.

புதைந்துவிட்டால்

வயலில் டிராக்டர் அச்சுவரை இறங்கிவிட்டால், இன்னும் ஆக்சிலரேட்டர் மிதிக்கிற ஆளைப் பார்த்து வரப்பிலிருந்து ‘நிறுத்துப்பா’ என்று கத்துவார்கள். மணலிலும் அந்தக் குரலை நினைவில் வையுங்கள். சக்கரம் ஒரே இடத்தில் சுற்றுகிறது என்று தெரிந்த கணமே கட்டை விரலை விடுங்கள். இறங்கி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் உள்ள மணலைக் கையால் வாரித் தள்ளி, வந்த தடத்திலேயே பின்னோக்கி மெல்ல எடுத்துப் பாருங்கள். அந்தத் தடம் ஏற்கெனவே இறுகியிருப்பதால் பிடிப்புக் கிடைக்கும். இரண்டு முறை முயன்றும் வராவிட்டால் வழிகாட்டிக்காகக் காத்திருங்கள். வண்டியைத் தள்ளுகிறவர் பின்சக்கரத்துக்கு நேர்பின்னால் நிற்கக் கூடாது. புகைக்குழாயின் பக்கம் வெறும் முழங்கால் படவும் கூடாது.

குன்றுகளுக்கு இடையே வெள்ளையாக, தட்டையாக, கெட்டியாகத் தெரியும் தரையைக் கண்டு ஏமாறாதீர்கள். அரபியில் சப்கா எனப்படும் உப்புத்தரை அது. மேலே உப்பு ஓடு, அடியில் ஈரச் சேறு. வேதாரண்யம் உப்பளங்களில் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மரமும் விலங்கும்

பாலைவனத்தில் தனித்து நிற்கும் மரத்தைச் சுற்றி மணல் மேடாகக் குவிந்திருக்கும். அதன்மேல் ஏறிக் குதிக்கச் சிலருக்கு ஆசை வரும். அரபியில் காஃப் என்றும் ராஜஸ்தானில் கேஜ்ரி என்றும் சொல்லப்படும் அந்த மரம் வேறொன்றுமில்லை, நம் வன்னிதான். கும்பகோணம் ஆதிகும்பேசுவரர் கோயிலின் தல விருட்சம். அமீரகத்தின் தேசிய மரமும் அதுவே. ஜோத்பூருக்கு அருகே கேஜர்லியில் 1730-இல் இந்த மரங்களை வெட்டவிடாமல் கட்டிப்பிடித்து 363 பிஷ்னோய் சமூக மக்கள் உயிர் விட்டார்கள். அதன் வேருக்கு மேல் வண்டி ஓட்டுவதை இரு நாட்டுக்காரர்களும் விரும்ப மாட்டார்கள். ஒட்டகங்களுக்கு உரிமையாளர் உண்டு. தூரத்தில் கண்டால் வேகத்தைக் குறைத்து, சத்தமின்றி விலகிப் போக வேண்டும்.

போவதற்கு முன் ஊரிலேயே பழகிப் பார்க்கலாமே என்று கொள்ளிடத்து மணலிலோ கோடியக்கரைப் பக்கமோ மோட்டார் சைக்கிளை இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கோடியக்கரையின் மணல்மேடுகளும் காடும் 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம், வெளிமான்களின் இடம். நம் கடற்கரையில் ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. உடம்பைத் தயார்செய்ய ஆசைப்பட்டால், மாலை நேரத்தில் ஆற்று மணலில் அரை மணி வேகமாக நடங்கள். தொடையும் கணுக்காலும் பழகிக்கொள்ளும், வண்டி தேவையில்லை.

ஓட்டம் முடிந்தபின்

எஞ்சினை அணைத்து, நெம்புகோலை நடுநிலையில் வைத்து, பார்க்கிங் பிரேக் போட்டுவிட்டு இறங்குங்கள். வண்டியை ஒப்படைக்கும்போது ஏற்பாட்டாளரோடு சேர்ந்து ஒருமுறை சுற்றிப் பார்த்து, முன்பே எடுத்த படங்களைக் காட்டி, முன்பணத்தை அங்கேயே திரும்பப் பெறுங்கள்; ‘பிறகு கணக்கில் போடுகிறோம்’ என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். தாகம் தெரியாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள், ஏனென்றால் வறண்ட காற்றில் வியர்வை காய்ந்துவிடுவதால் உடம்பு எவ்வளவு நீர் இழந்தது என்பது நம் புழுக்கத்துக்குப் பழகியவர்களுக்குத் தெரிவதில்லை. கண்ணில் மணல் இருந்தால் கசக்காமல் தண்ணீரால் கழுவுங்கள். முகாமில் பரிமாறும் இறைச்சியும் சோறும் எவ்வளவு மணந்தாலும், திரும்பும் வழியில் ஜீப்பில் குன்றுகளின் மேல் குலுங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தால் அரை வயிறோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஷூவை வாசலுக்கு வெளியே தட்டிவிட்டு உள்ளே போங்கள். அந்தச் சிவப்பு மணல் மருமகளின் வீட்டுக் கம்பளத்தில் விழுந்தால் ஒரு வாரத்துக்குப் போகாது.